கவிழ்த்தால் கழுதை

அத்தியாயம் 6

போதகர் ஓத்மார் ஸீட்லரின் முகத்தைச் சன்னலோரம் வைத்து, ட்ராக்ஸல் அதை மெல்லச் சுற்றினார். போதகர் சாய்ந்தார், படுத்தார், தலைகீழானார், கழுதையானார். இன்னும் கொஞ்சம் சுற்றியதும் கழுதை படுத்து எழுந்து மறுபடி போதகராகி, ஊருக்குப் புத்தி சொல்லத் தயாராக உட்கார்ந்துகொண்டது.

"இன்னொரு தடவை சுத்துங்க ஐயா," என்றான் பங்கிராஸ். "ரெண்டுல கழுதை மூஞ்சிலதான் கொஞ்சம் இரக்கம் தெரியுது."

"மெதுவா பேசு சாமி. கீழ கேக்கும்."

கீழே என்றால் சிறைக் கோபுரத்தின் அடித்தளம். அவர்கள் காவலாளியின் அறையில் இருந்தார்கள். மேசை மேல் இருந்தது உள்ளங்கை அகல வெண்கலப் பதக்கம். அதில் பக்கவாட்டில் திரும்பிய முகம், தட்டைத் தொப்பி, ஊரே மெச்சிய கம்பீரமான மூக்கு, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக அங்கித் துணி. விளிம்பில் வட்டமாக லத்தீன் எழுத்தில் போதகரின் பெயர்.

லிண்டன்பாக் நகரத்துத் தேவாலயங்களில் இருந்த சிலைகளையெல்லாம் இறக்கி உடைக்க வைத்தவர் இந்தப் போதகர்தான். அந்த நல்ல நாளின் நினைவாக அவருடைய உருவத்தையே வார்த்து, நகர சபையார் எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்வது என்று தீர்மானமானது. புனிதர்களின் உருவம் என்றால் விக்கிரகம், போதகரின் உருவம் என்றால் நினைவுச் சின்னம். இந்த வித்தியாசத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று போதகரே விளக்கினார். பின்வரிசைக்காரர்களுக்குப் புரியவில்லை. முன்வரிசைக்காரர்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

சபையார் பதக்கம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு விருந்தில்தான் வினை வந்தது. வட்டமாக ஓடும் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் பதக்கத்தைச் சுற்ற வேண்டும். சபையாரில் யாரும் அதுவரை படிக்க மெனக்கெடவில்லை. பக்கத்து நகரத்திலிருந்து வந்த விருந்தாளி படிக்கத் தெரிந்தவர். பாதிப் பெயரைப் படித்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், குதிரை ஏறும்வரை நிறுத்தவில்லை.

அன்றைக்கே அப்பொலோனியாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புருஷன் இறந்த பிறகு வார்ப்புப் பட்டறையைத் தானே நடத்தி வருகிறவள். பதக்கத்தை வார்த்தவள் அவள். வார்ப்புக்கு மாதிரியாக மரக் கட்டையில் முகத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் சிற்பி லாரென்ஸ் டீட்ஸ். தாம் கொடுத்த கட்டையில் கழுதை இல்லை என்றும், அவள்தான் வெண்கலத்தில் உளி வைத்துச் சேர்த்துவிட்டாள் என்றும் டீட்ஸ் கைதூக்கிச் சத்தியம் செய்தார். டீட்ஸ் நகரத் தலைவரின் மருமகன். அப்பொலோனியா யாருக்கும் யாரும் இல்லை. போதாததற்கு, சிலைகளை உடைத்த அன்று அவள் கைதட்டவில்லை என்று சொல்லவும் சாட்சிகள் இருந்தார்கள்.

தீர்ப்பு தயாராகிவிட்டது. இன்று மத்தியான மணி அடித்ததும் சந்தைத் திடலில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை வெட்டுவது, பிறகு ஊர்வாசலுக்கு வெளியே தள்ளுவது. இடையில் விசாரணை என்று ஒன்று நடந்ததாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று, நகர சபையின் விசாரணைக்காரரான ட்ராக்ஸலிடம் நகரத் தலைவர் சொல்லியனுப்பியிருந்தார். ட்ராக்ஸலுக்கு நடந்ததாக இருக்கும் விசாரணை பிடிக்காது. நடக்கிற விசாரணைதான் பிடிக்கும். அந்த ஒரு கெட்ட பழக்கத்தால்தான் அவர் இன்னும் ஒரே மேலங்கியையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய உதவியாளன் பங்கிராஸ் முன்னாள் துறவி. மடத்தை மூடியபோது துறவிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டையும் ஒரு வாழ்த்தும் கொடுத்து அனுப்பினார்கள். வாழ்த்து அளவாக இருந்தது, சட்டை பத்தவில்லை. லத்தீனையும் வயிற்றையும் மட்டும் சுமந்துகொண்டு வந்தவனை ட்ராக்ஸல் சேர்த்துக்கொண்டார். அவன் இப்போது கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஆனால் பதக்கம் நேராகத் திரும்பும் போதெல்லாம் அவன் கை ரொட்டியோடு தானாகவே மேசைக்கு அடியில் போய்விட்டது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

ட்ராக்ஸல் பதக்கத்தைத் தலைகீழாக நிறுத்தி ஊசி முனையால் காட்டினார். அங்கியின் இரண்டு மடிப்புகள் கழுதையின் காதுகள். நீண்டு தொங்கும் மடிப்பு அதன் மூஞ்சி. நடுவே மிளகளவு ஒரு குழி. அதுதான் கண். அவர் அந்தக் குழியை விரலால் மூடினார். கழுதை காணாமல் போய் வெறும் துணி நின்றது. விரலை எடுத்தார். கழுதை முழித்துப் பார்த்தது.

"டீட்ஸ் சொல்றது இந்தக் கண்ணைத்தான். அந்தம்மா உளியால அடிச்சுட்டாங்களாம். இப்போ இந்தக் கோட்டைப் பாரு."

விளிம்பிலிருந்து முடி போல் ஒரு கோடு கிளம்பியது. துணி மடிப்பைக் கடந்து, குழிக்குள் இறங்கி, அதன் தரையிலே ஓடி, மறுபக்கம் ஏறி, மேலே போய்த் தேய்ந்தது.

"வெண்கலத்துல உளி வச்சு அடிச்சிருந்தா, குழிக்குள்ள கோடு நசுங்கிப் போயிருக்கணும். இது படி இறங்கி நடந்து படி ஏறிப் போகுது. அப்படின்னா?"

பங்கிராஸ் மென்றுகொண்டே யோசித்தான். "குழி முன்னாடி, கோடு பின்னாடி. மரத்துல விழுந்த விரிசல் அப்படியே வார்ப்புல வந்திருக்கு."

"குழியும் மரத்துலேயே இருந்திருக்கு. வா, கீழ போவோம்."

அப்பொலோனியா வைக்கோல் மேல் உட்கார்ந்து, சங்கிலி போட்ட வலது கையை இடது கையால் மூடி வைத்திருந்தாள், யாரோ இப்போதே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. ட்ராக்ஸல் வேலையைப் பற்றி மட்டும் கேட்டார். அவளும் வேலையைப் பற்றி மட்டும் சொன்னாள். வார்ப்பு மண்ணைச் சலித்து, கட்டை ஒட்டாமல் வருவதற்காக லேசாகச் சூடு காட்டி, அமுக்கி எடுத்தாளாம். ஒவ்வொரு பதக்கத்துக்கும் அதே கட்டை, புது மண். முதல் தடவை எடுத்தபோது மண்ணில் ஏதோ ஒட்டியிருந்ததாம்.

"என்னது அது?"

"மெழுகு ஐயா. ஒரு பொட்டு மெழுகு. கட்டைக்குப் பளபளப்புக்குப் போட்டது உதிர்ந்திருக்கும்னு நெனச்சு ஊதிட்டேன்."

ட்ராக்ஸல் பங்கிராஸைப் பார்த்தார். அப்பொலோனியா இருவரையும் பார்த்தாள். ஊதியது தப்பா என்று கேட்டாள்.

"ஊதினதுதான் சரி," என்றார் ட்ராக்ஸல். "கட்டைல கண்ணு இருந்திருக்கு. மெழுகு வச்சு மூடியிருக்காங்க. உங்க சூட்டுல அது தொறந்துக்கிச்சு."

அவள் சந்தோஷப்படவில்லை. "இதைச் சொன்னா நம்புவாங்களா?" என்று கேட்டாள். பங்கிராஸ் வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது கிண்டலாகச் சொல்வான். இப்போது அவள் கையைப் பார்த்துவிட்டு, மீதி ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

டீட்ஸின் பட்டறை சந்தைத் திடலை ஒட்டி இருந்தது. வெளியே மரமேடைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். லிண்டன்பாக்கில் எதையும் வீணாக்குவதில்லை. மதச் சீர்திருத்தம் வந்த பிறகு பூசைக் கிண்ணங்கள் மதுக் கிண்ணங்கள் ஆயின, துறவிகளின் அங்கிகள் பிள்ளைகளின் கால்சட்டை ஆயின. டீட்ஸின் பட்டறையில் அந்தக் கலை உச்சத்தில் இருந்தது. சிறகை அறுத்த தேவதூதர்கள் பணக்கார வீட்டு மாடிப்படிக்கு விளக்குப் பிடிக்கக் காத்திருந்தார்கள். தாடியைச் சீவிய ஓர் அப்போஸ்தலர் தானிய வியாபாரியாகிக்கொண்டிருந்தார்.

பதக்கத்தின் மாதிரிக் கட்டையைப் பார்க்கலாமா என்று ட்ராக்ஸல் கேட்டார். வேலை முடிந்து திரும்பி வந்ததும் அது தவறுதலாக அடுப்பில் போய்விட்டதாக டீட்ஸ் வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்தைத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார்.

"கட்டை பழசோ?"

"புத்தம் புதுசு. சபை வேலைக்குப் பழைய கட்டையா போடுவேன்? இந்த வசந்தத்துல வாங்கினது."

"புதுக் கட்டைல விரிசல் வருமா மாஸ்டர்?"

டீட்ஸின் உளி ஒரு கணம் நின்று, பிறகு தானிய வியாபாரியின் கன்னத்தில் மறுபடி ஓடியது. விரிசல் அவள் வார்ப்பில் வந்திருக்கும் என்றார். ட்ராக்ஸல் குழிக்குள் இறங்கி ஏறும் கோட்டைக் காட்டினார். டீட்ஸ் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதைக் கொண்டுபோய் என் மாமனார்கிட்ட காட்டுங்க. இந்த விரிசலைப் பாக்க நல்ல கண்ணு வேணும். கழுதையைப் பாக்க அதுகூட வேண்டாம். அவங்க எதைப் பாப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் ட்ராக்ஸலுக்கு எரிச்சல். பதக்கத்தை எடுக்கக் கை நீட்டினார். அந்த நேரம் மேகம் விலகி வெயில் பக்கவாட்டில் விழுந்தது. பின்னால் ஏதோ விழும் சத்தம். பங்கிராஸ் தின்றுகொண்டிருந்த தொத்திறைச்சியைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் சட்டைக் கைகளுக்குள் நுழைத்து, தலை குனிந்து நின்றிருந்தான்.

ட்ராக்ஸல் அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"காலைலேர்ந்து பாக்கறேன். இந்தப் பதக்கத்தைப் பாத்தா திங்கறதை ஒளிக்கிறே. ஏன்?"

"தெரியல ஐயா. ஜெபத்துக்குப் போகாம எங்கயோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"போதகர் பிரசங்கத்துல கூட நீ வாயை அசை போட்டுட்டுதான் உட்கார்ந்திருப்பே. அவருக்குப் பயப்படாதவன் அவர் படத்துக்கு ஏன் பயப்படறே?"

பங்கிராஸ் பதக்கத்தை வாங்கினான். ஏதோ தோன்றியவன் போலக் கட்டை விரலால் தட்டைத் தொப்பியை மறைத்தான். மூக்கு, உதடு, தாடை மட்டும் நின்றன.

"ஐயா, இது போதகர் இல்ல. இது எங்க வில்லிபால்ட்."

"யாரு?"

"எங்க மடாதிபதி. பத்து... எத்தனை வருஷம் இந்த மூக்கு என்னைச் சமையக்கட்டு வரைக்கும் துரத்தியிருக்கு. தொப்பியை எடுத்துட்டு உச்சில மொட்டை போடுங்க. அங்கி இல்ல இது, துறவி முக்காடு. கழுத்துல சரிஞ்சு கிடக்கற முக்காடு."

ட்ராக்ஸல் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். சபை முழுவதும், அச்சு அசல் போதகர் என்று மெச்சிய முகம். போதகரே கண்ணாடிக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம். மடத்தை மூடியபோது வெள்ளித் தட்டுகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடிய மடாதிபதியின் முகம். டீட்ஸ் தேவதூதனுக்குச் சிறகை அறுத்தது போல இதற்குத் தொப்பி போட்டுவிட்டார்.

"நிரூபிக்கணும் சாமி. உன் பயத்தைச் சபையில சாட்சியா வைக்க முடியாது."

"உல்ரிக் அண்ணன் ஏதாவது வச்சிருப்பாரு. மடத்துல பீப்பாய் அறைக்கு அவர்தான் பொறுப்பு. அங்க நடந்த எல்லா அயோக்கியத்தனத்துக்கும் அவர்தான் பொறுப்பு."

உல்ரிக் இப்போது வடக்கு வாசலில் பீர் கடை நடத்தினார். பழைய துறவிகளைப் பற்றிப் பேச்செடுத்ததும், தனக்கு எதுவும் ஞாபகமில்லை, கடவுள் புண்ணியத்தில் எல்லாம் மறந்துவிட்டது என்றார். பங்கிராஸ் பதக்கத்தைக் கவிழ்த்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தான். உல்ரிக்கின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கதை மெதுவாக வந்தது. மடாதிபதி பீரில் தண்ணீர் கலக்கச் சொன்ன வருஷம். அவர் பதவியேற்ற ஆண்டு நிறைவு விழாவுக்குத் துறவிகள் சேர்ந்து ஒரு பதக்கம் செய்வதாக ஏற்பாடு. மரத்தில் செதுக்க டீட்ஸ் வந்தார். முக்காட்டு மடிப்புக்குள் ஒரு கழுதையை வைக்கச் சொல்லி அவரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டது உல்ரிக். மாதிரி பார்க்க ஈயத்தில் ஒன்றே ஒன்று ஊற்றினார்கள். மடாதிபதி அதைக் கையில் வைத்து, மூக்கு நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி, டீட்ஸை ஆசீர்வதித்தார். வெண்கலத்தில் வார்ப்பதற்குள் சீர்திருத்தம் வந்துவிட்டது. கட்டை டீட்ஸிடமே தங்கிவிட்டது.

"அந்த ஈயம் எங்க அண்ணே?"

உல்ரிக் கடைக் கதவைக் காட்டினார். கதவு தானாக மூடிக்கொள்வதற்காகக் கயிற்றில் கனமாக ஒரு ஈய வட்டு தொங்கியது. "மடாதிபதி எங்களோட இருந்தப்பவும் கதவைச் சாத்தற வேலைதான் பாத்தாரு," என்றார்.

ட்ராக்ஸல் கயிற்றை அறுத்தார். தொப்பி இல்லை, உச்சிமொட்டை இருந்தது. விரிசல் இல்லை, கண் இருந்தது. மூக்கு அதே மூக்கு.

அவர்கள் நகர மண்டபத்துக்குள் நுழைந்தபோது சபையார் திடலுக்குக் கிளம்பத் தயாராக மேலங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் பதக்கம்; கழற்றினால் போதகரைக் கழுதை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். போதகர் ஸீட்லர் சன்னலருகே மேடையைப் பார்த்தபடி நின்றார். நேரில் அவருடைய மூக்கு கொஞ்சம் சின்னது, நுனியில் உருண்டை.

ட்ராக்ஸல் விரிசலைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கொட்டாவி விட்டார். மெழுகைப் பற்றிச் சொன்னார். நகரத் தலைவர் மணிக்கூண்டைப் பார்த்தார். அதன் பிறகு ட்ராக்ஸல் பேசுவதை நிறுத்திவிட்டு, வெண்கலத்தையும் ஈயத்தையும் பக்கம் பக்கமாக மேசை மேல் வைத்தார்.

கொட்டாவி விட்டவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மடாதிபதி வில்லிபால்டை அங்கே எல்லோருக்கும் தெரியும். பாதிப்பேரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான்.

"தற்செயலான ஒற்றுமை," என்றார் போதகர். "இது என் முகம். என் பேர் சுத்திவர எழுதியிருக்கு."

"பேர் உங்களுதுதான் போதகரே. முகமும் உங்களுதுன்னா, கழுதையும் உங்களுதுதான். ஈயத்துலேயும் அதே கழுதை இருக்கு, அந்தம்மா கை படறதுக்கு முன்னாடியே. முகம் மடாதிபதியோடதுன்னா கழுதையும் அவரோடது. உங்களுக்கு அவமானமே நடக்கல. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

போதகர் பதக்கத்தைப் பார்த்தார். அந்த மூக்கைத் தம்முடையது என்று நம்பி அவர் வாழ்ந்த நாட்கள் அவருடைய வாழ்வில் மிகச் சிறந்தவை என்று பங்கிராஸுக்குத் தோன்றியது. அவனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, கொஞ்சந்தான்.

"இது நான் இல்ல," என்றார் போதகர்.

"எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு," என்றார் நகரத் தலைவர். தனக்கும் அப்படித்தான் என்றார் பக்கத்தில் இருந்தவர். உலகத்தில் இதைவிடப் போதகருக்கு ஒவ்வாத முகம் கிடையாது என்று மண்டபம் முழுக்க ஒப்புக்கொண்டது.

ஆனால் போதகர் கையை உயர்த்தினார். தோற்றுப் போய்த் திரும்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. அப்படியானால் குற்றம் இன்னும் பெரிது என்றார். பழைய மதத்தின் மடாதிபதி ஒருவனின் உருவத்தை அந்தப் பெண் இந்த ஊருக்குள் வார்த்திருக்கிறாள். தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்பது கேள்வியே இல்லை. விக்கிரகத் தடைச் சட்டத்தைத் தாமே இயற்றியதாகவும், ஒவ்வொரு சொல்லும் தமக்கு மனப்பாடம் என்றும் சொன்னார்.

"சொல்லுங்க, கேப்போம்," என்றார் ட்ராக்ஸல்.

பிரசங்கக் குரலில் போதகர் ஆரம்பித்தார். "துறவியின், மடாதிபதியின், புனிதரின் உருவத்தை இந்நகரில் அறிந்தோ அறியாமலோ செய்தவரும், வீட்டில் வைத்திருப்பவரும், உடலில் அணிந்தவரும் ஒரே தண்டனைக்கு..."

அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ட்ராக்ஸல் மேசையைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார், ஒவ்வொரு கழுத்தாக. சிலர் தங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் நகரத் தலைவர் சங்கிலியைக் கழற்றினார். பதக்கத்தை மேசை மேல் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்தார். வெண்கலம் சத்தமில்லாமல் உட்காராது. டங் என்றது. அடுத்தவர் கழற்றினார். டங். மேசை நெடுகிலும் போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம். கடைசியாகப் போதகர். கழற்றியவர், வைப்பதற்கு முன் கட்டை விரலால் அந்த மூக்கை ஒரு முறை தடவினார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அப்படிப்பட்ட பதக்கம் எதுவும் செய்யப்படவே இல்லை என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. செய்யப்படாத பதக்கத்துக்குக் குற்றவாளி இருக்க முடியாது என்பதால் அப்பொலோனியாவை விடச் சொன்னார்கள். அதே காரணத்தால் டீட்ஸும் தப்பித்தார். அவரைப் பற்றி ட்ராக்ஸல் ஒரு வார்த்தை எடுத்ததும், மாமனார் மேலங்கியின் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டார். இல்லாத பதக்கங்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு, உடனே உருக்கிவிடச் சொல்லி பங்கிராஸ் தலையில் கட்டினார்கள்.

திடலில் மணி அடித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று, ஒன்றும் நடக்காததால் தொத்திறைச்சி வாங்கப் போனார்கள்.

கோபுர வாசலில் அப்பொலோனியா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி வந்தாள். மணிக்கட்டில் சங்கிலித் தழும்பு சிவந்திருந்தது. நடந்ததை ட்ராக்ஸல் சுருக்கமாகச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். பிறகு சாக்கைப் பார்த்தாள்.

"இதை என்ன பண்ணச் சொன்னாங்க?"

"உருக்கச் சொன்னாங்கம்மா," என்றான் பங்கிராஸ். "யாரு உருக்கறதுன்னு சொல்லல. அந்த அளவுக்கு யோசிக்கற நெலைமையில யாரும் இல்ல."

"இந்த ஊர்ல வெண்கலம் உருக்க வேற யாரு இருக்கா?"

அவள் வலது கையை நீட்டி, ஐந்து விரலாலும் சாக்கின் கழுத்தைப் பிடித்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பட்டறைப் பக்கம் நடந்தாள்.